எட்டி விதையும் கலங்கிய மனமும்



சிலருடைய மனம் தொட்டாற்சுருங்கிச் செடியைப் போன்றது. ஆசிரியர் சற்றே உரத்துப் பேசினால் வாடிவிடும். தோழன் ஒருவன் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் அன்றிரவு உறக்கம் வராது. வீட்டில் ஒருவர் இறந்துவிட்டாலோ மாதக் கணக்கில் பெருமூச்சாகவே பொழுது கழியும். இத்தகைய மனத்துக்கு மருந்து உண்டா என்று கேட்டால், ஹோமியோபதி வைத்தியர் உண்டு என்பார். சிறிய வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளைத் தருவார். அவ்வுருண்டைகளில் ஏற்றிய மருந்தின் பெயர் பல வேளைகளில் இக்னேஷியா என்றிருக்கும். அல்லது நக்ஸ் வாமிகா என்றிருக்கும். நான் தலைமையாசிரியராக இருந்த ஆண்டுகளில், தேர்வு நெருங்கும்போது இக்குப்பிகளைப் புத்தகப் பையில் கொண்டுவரும் பிள்ளைகளைக் கண்டதுண்டு.

இம்மருந்து என்ன? இது மனத்தைத் தேற்றும் என்பதற்குச் சான்று யாது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம். புகழவோ இகழவோ நான் முற்படவில்லை. ஒரு செய்தியை எவ்வாறு சோதித்து அறிவது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆகையால் இதனை எடுத்துக்கொண்டேன்.

முதலில் செடியைப் பார்ப்போம். நக்ஸ் வாமிகா என்பது வேறொன்றுமன்று. நம் எட்டி மரமே. கசப்புக்கு உவமை சொல்ல வேண்டுமானால் தமிழர் எட்டிக்காயைத்தான் சொல்லுவர். மலையடிவாரக் காடுகளில் வளரும் இம்மரத்தின் பழம் பார்வைக்குச் சிறிய ஆரஞ்சுப் பழம் போல அழகாக இருக்கும். உள்ளே இருக்கும் விதைகளோ பொத்தான் போலத் தட்டையானவை, சாம்பல் நிறமானவை, பட்டுப் போன்ற மெல்லிய மயிர் போர்த்தவை. அவ்விதை கொடிய நஞ்சு. சித்த வைத்தியர்களும் அதனை நஞ்சென்றே வகுத்து, சுத்தி செய்யாமல் கையாளலாகாது என்று விலக்கியிருக்கின்றனர்.

இக்னேஷியா என்பது எட்டிக்கு நெருங்கிய உறவு. பிலிப்பைன்ஸ் தீவுகளில் வளரும் ஒரு பெருங்கொடியின் விதை அது. அத்தீவுகளில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஜோசப் காமெல் என்பவர் மணிலாவில் மருந்துச்சாலை நடத்திவந்தார். 1661 முதல் 1706 வரை வாழ்ந்த அவர், தம் சபையை நிறுவிய புனித இக்னேஷியஸின் பெயரால் வழங்கிய இவ்விதையைப் பற்றி எழுதிய குறிப்பு, 1699 ஆம் ஆண்டில் இலண்டன் வேந்தவைக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. காமெலுக்கும் இங்கிலாந்து அறிஞர்களுக்கும் இடையே கடிதங்களும் செடி வகைகளும் சென்ற வழியில் நம் சென்னை ஜார்ஜ் கோட்டையும் ஒன்று. அங்கிருந்த ஆங்கில மருத்துவர்கள் அவற்றைப் பெற்று அனுப்பிவைத்தனர். பழைய கப்பல் வழிகளில் மிளகும் துணியும் மட்டுமல்ல, மருந்தறிவும் பயணம் செய்தது.

இக்குடும்பத்தில் மூன்றாவது உறவினர் ஒருவரும் உண்டு. அவர் சாதுவானவர், அவரே நம் தேற்றாமரம். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

1818 ஆம் ஆண்டில் பெல்லெத்தியே, காவெந்து என்னும் இரு பிரெஞ்சு இரசாயன அறிஞர்கள் இக்னேஷியா விதையிலிருந்து ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சைப் பிரித்தெடுத்தனர். எட்டி விதையிலும் இருப்பது அதுவே. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1820இல், சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்துக் கொடுத்தவர்களும் இவர்களே.

இந்நஞ்சு உடலில் என்ன செய்கிறது என்பதை நீங்கள் நன்கு கவனிக்க வேண்டும். நம் தண்டுவடத்தில் நரம்புகளை ஏவும் செய்திகளும் உண்டு. ‘போதும், அடங்கு’ என்று தடுக்கும் செய்திகளும் உண்டு. தடுக்கும் செய்தியைக் கொண்டு செல்லும் பொருள்களுள் ஒன்று கிளைசின். அது சென்று பற்ற வேண்டிய இடத்தை ஸ்டிரிக்னின் அடைத்துக்கொள்கிறது. கடிவாளம் அறுந்த குதிரை போல நரம்புகள் கட்டுக்கு அடங்காமல் போகின்றன. கதவு சாத்தும் ஓசை, விளக்கின் ஒளி, மெல்லத் தொடும் கை இவற்றுள் எதுவும் போதும். உடல் முழுவதும் வில்லாய் வளைந்து வலிப்புக் காணும். அறிவோ தெளிவாகவே இருக்கும். சிறு தூண்டுதலையும் தாங்க மாட்டாத நிலையை உண்டாக்குவதே இந்நஞ்சின் இயல்பு.

ஜெர்மனியில் பிறந்த சாமுவேல் ஹானிமன் 1755 முதல் 1843 வரை வாழ்ந்தவர். அக்காலத்து மருத்துவர்கள் நோயாளியின் இரத்தத்தை வடித்தும் பேதிக்குக் கொடுத்தும் துன்புறுத்தியதைக் கண்டு மனம் வெறுத்த நல்லவர் அவர். 1790இல் சின்கோனாப் பட்டையைத் தாமே உட்கொண்டு பார்த்து, காய்ச்சலைத் தீர்க்கும் அப்பட்டை தம் உடலில் காய்ச்சல் போன்ற குறிகளை உண்டாக்கியதாகக் கருதினார். அதிலிருந்து, நலமாக உள்ளவனிடம் எந்தப் பொருள் எந்தக் குறிகளை உண்டாக்குமோ, அப்பொருளே மிகச் சிறிய அளவில் அக்குறிகளையுடைய நோயைத் தீர்க்கும் என்று ஒரு கொள்கை வகுத்தார். 1810இல் ஆர்கனான் என்னும் தம் முதன்மை நூலை வெளியிட்டார்.

இப்போது உங்களுக்கு வழி புலப்பட்டிருக்கும். எட்டியும் அதன் உறவான இக்னேஷியாவும் நரம்பைக் கூச்சமுறச் செய்கின்றன. ஆகவே கூச்சம் மிகுந்த மனத்துக்கு அவையே மருந்து என்பது ஹோமியோபதியின் வாதம். ஓசையும் ஒளியும் பொறாமல் சினந்து விழுபவருக்கு நக்ஸ் வாமிகா என்றும், வாய்விட்டு அழாமல் துயரை உள்ளேயே விழுங்கி, பெருமூச்சு விட்டு, தொண்டையில் ஏதோ உருண்டை அடைப்பது போல உணர்பவருக்கு இக்னேஷியா என்றும் அந்நூல்கள் கூறும். வாதம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அழகான வாதம் என்பது சோதனைக்குத் தொடக்கமேயன்றி முடிவன்று.

இம்முறை நம் நாட்டுக்கு வந்த வரலாறும் சுவையானது. 1839இல் லாகூரில் மகாராஜா ரஞ்சித் சிங்குக்கு ஹோனிக்பெர்கர் என்னும் ஐரோப்பிய மருத்துவர் இம்மருந்தைக் கொடுத்தார். 1840களில் சாமுவேல் புரூக்கிங் என்னும் ஓய்வுபெற்ற மருத்துவர் நம் தஞ்சாவூரில் ஹோமியோபதி மருத்துவமனை ஒன்றை அமைத்தார். கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்னும் பட்டம் பெற்ற மருத்துவர் முதலில் இம்முறையை எதிர்த்து, பின்பு 1867இல் வெளிப்படையாக அதனைத் தழுவினார். அவரே 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியவர். அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் 1928இல் சர் சி. வி. இராமன் தம் பெயர் கொண்ட ஒளி விளைவைக் கண்டார். பின்னர் 1973இல் நாடாளுமன்றம் ஹோமியோபதிக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2020இல் இயற்றிய தேசிய ஆணையச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. மதுரைக்கு அருகே திருமங்கலத்தில் அரசு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. ஆகவே இது மறைவில் நடக்கும் தொழிலன்று. சட்டம் ஒப்பிய முறை. ஆயினும் சட்டத்தின் ஒப்புதல் வேறு, சோதனையின் ஒப்புதல் வேறு. முன்னது நாடாளுமன்றத்தில் கிடைக்கும். பின்னது நோயாளியிடத்தில்தான் கிடைக்க வேண்டும்.

அடுத்து மருந்தின் அளவைக் காண்போம். விதையைச் சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் தாய்த் திரவத்தில் ஒரு துளியை எடுத்து நூறு துளியாகும்படி நீரோ சாராயமோ சேர்த்துக் குலுக்கினால் அது முதற்படி. அதிலிருந்து ஒரு துளியை மீண்டும் நூறாக்கினால் இரண்டாம் படி. இப்போது மருந்து பதினாயிரத்தில் ஒரு பங்கு. மூன்றாம் படியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பெருவழக்காகக் கொடுப்பது 30ஆம் படி. படி ஏற ஏற வீரியம் மிகும் என்பது அவர்கள் கொள்கை.

இக்கணக்கை நம் ஊர் அளவையில் போட்டுப் பாருங்கள். வைகை அணை நிரம்பினால் ஏறத்தாழ 600 கோடி கன அடி நீர் நிற்கும். ஒரு மில்லி லிட்டருக்கு 20 துளி என்று கொண்டால், எட்டாம் படி என்பது அத்தகைய அணைகள் மூன்று நிரம்பும் நீரில் ஒரே ஒரு துளி தாய்த் திரவத்தைக் கலந்ததற்கு ஒப்பாகும். பதின்மூன்றாம் படிக்கு உலகத்துக் கடல்கள் அனைத்தின் நீரும் போதாது. முப்பதாம் படியின் பங்கை எழுத வேண்டுமானால் ஒன்றின் பின்னே 60 சுழிகள் இட வேண்டும். கல்லூரியில் இரசாயனம் படிப்போர் அவகாட்ரோ எண்ணை அறிவர்: அது 6.022 என்பதைப் பத்தின் 23ஆம் அடுக்கால் பெருக்கியது. அதன்படி, பன்னிரண்டாம் படியைத் தாண்டிய மருந்தில் விதையின் மூலக்கூறு ஒன்றேனும் எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. உயர்ந்த படிகள் எட்டியின் நஞ்சால் தீங்கு செய்யாமைக்குக் காரணம் இதுவே. தாய்த் திரவமும் கீழ்ப்படிகளும் அவ்வாறு அல்ல. அவற்றில் நஞ்சு உண்மையாகவே இருக்கிறது.

குலுக்கும்போது மருந்தின் பதிவை நீர் நினைவில் கொள்கிறது என்று சிலர் விடை கூறுவர். பிரான்சு நாட்டு பென்வனிஸ்த் என்பவர் 1988இல் அதற்குச் சான்று கிடைத்ததாக நேச்சர் இதழில் எழுதினார். அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே கண்காணிப்புடன் மறுபடியும் செய்து பார்த்தபோது அவ்விளைவு தோன்றவில்லை.

‘கணக்கு எப்படியாயினும் ஆகுக, எனக்குக் குணமாயிற்றே!’ என்பார் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை. குணமாயிற்று என்பது உண்மை. மருந்தினால் ஆயிற்றா என்பதே கேள்வி. இதனை விளங்கவைக்க எட்டாம் வகுப்பில் நான் தேற்றாங்கொட்டையைக் கொண்டு ஒரு சோதனை காட்டுவதுண்டு. வைகையில் புதுவெள்ளம் வரும்போது கலங்கல் நீரை ஒரு மண்பானையில் ஊற்றி, அதன் உட்புறத்தில் முன்னரே தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவைத்தால் நீர் தெளியும். அதிலுள்ள பெருமூலக்கூறுகள் மண் துகள்களைப் பிணைத்துத் திரளச் செய்து அடியில் படியவைக்கின்றன. ஆனால் ஒரே பானையை வைத்துக்கொண்டு, ‘பாருங்கள், தெளிந்தது’ என்று காட்டினால் அது சான்றாகாது. சும்மா வைத்தாலும் கலங்கல் நீர் மெல்லத் தெளியுமன்றோ? ஆகையால் இரண்டு பானை வேண்டும். இரண்டிலும் ஒரே நீர்; ஒன்றில் கொட்டை தேய்த்தது, மற்றொன்றில் தேய்க்காதது. எந்தப் பானை எது என்று அறியாத மாணவன் ஒருவன் எது முன்னே தெளிந்தது என்று சொல்ல வேண்டும். இவ்வாறு செய்தாலும் தேற்றாங்கொட்டை வென்றுவிடுகிறது.

மனமும் அக்கலங்கல் நீரைப் போன்றதே. காலம் கடந்தால் துயரம் தானே படியும். மருந்து உண்டோம் என்ற நம்பிக்கையும் ஓரளவு தெளிவிக்கும். மனம் மிகக் கலங்கிய நாளில்தான் மருந்தைத் தேடிச் செல்கிறோம். மறுநாள் சற்றுக் குறைவது இயல்பு. எனவே மன மருந்துக்கு இரண்டாவது பானை இன்றியமையாதது. ஒரு கூட்டத்தாருக்கு உண்மை மருந்தும், மற்றொரு கூட்டத்தாருக்கு அதே தோற்றமுடைய வெறும் சர்க்கரை உருண்டையும் கொடுத்து, யாருக்கு எது என்பதைக் கொடுப்பவரும் உண்பவரும் அறியாதபடி மறைத்து வைக்க வேண்டும்.

இத்தகைய சோதனைகளுள் மிகப் பழைய ஒன்று ஹோமியோபதியைப் பற்றியதே என்பது வியப்புக்குரியது. 1835இல் நியூரம்பர்க் நகரில் குப்பிகளுள் ஒரு பாதியில் 30ஆம் படி உப்பு மருந்தையும், மறு பாதியில் உருக்கிக் காய்ச்சி வடித்த பனிநீரையும் நிரப்பி, கலைத்து எண்ணிட்டுக் கொடுத்தனர். உண்டு பார்த்துக் கருத்துக் கூறியவர் 50 பேர். அவருள் 42 பேர் எதுவும் உணரவில்லை. ஏதோ உணர்ந்த 8 பேரில் 5 பேர் மருந்தை உண்டவர்; 3 பேர் வெறும் நீரை உண்டவர். மருந்துக்கு ஆற்றல் இருப்பதாகக் கொள்ள இவ்வேறுபாடு போதாது.

நம் காலத்து ஆய்வுகள் இன்னும் விரிவானவை. 1997இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில், 89 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், ஹோமியோபதியின் பயனை நம்பிக்கையின் விளைவு என்று மட்டும் சொல்லி முடித்துவிட இயலவில்லை என்றனர். ஆனால் அவர்களே 1999இல் மீண்டும் ஆராய்ந்து, சோதனை எவ்வளவு செம்மையாக நடந்ததோ அவ்வளவுக்குப் பயன் சிறுத்துக் காணப்பட்டது என்று எழுதினர். அந்நேர்மை பாராட்டுக்குரியது. 2005இல் அதே இதழில் 110 ஹோமியோபதிச் சோதனைகளை 110 பொது மருத்துவச் சோதனைகளோடு ஒப்பிட்ட ஆய்வு, ஹோமியோபதியின் விளைவு வெறும் உருண்டையின் விளைவோடு ஒத்துப்போகிறது என்று முடித்தது. 2015இல் ஆஸ்திரேலிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 61 வகை நோய்நிலைகளைப் பற்றிய 176 ஆய்வுகளைப் பார்த்து, எந்த நோய்க்கும் நம்பத்தக்க சான்று இல்லை என்றது.

மனத்துயர் பற்றித் தனியே செய்தவையும் உண்டு. மனச்சோர்வைப் பற்றி 2005இலும், பதற்றத்தைப் பற்றி 2006இலும் வெளிவந்த தொகுப்பாய்வுகள் சான்று போதாது என்றே கூறின. பெர்லினில் மனச்சோர்வுக்கு 228 பேரைக் கொண்டு நடத்தத் திட்டமிட்ட சோதனைக்கு 44 பேரே கிடைத்தனர்; 2013இல் வெளிவந்த அதன் முடிவால் மருந்தின் பயனை நிறுவ இயலவில்லை. இரண்டு நூற்றாண்டு வழக்கத்தில் இருந்த பின்னும், இரண்டு பானைச் சோதனையில் இக்னேஷியா வென்று காட்டவில்லை என்பதே நாம் கூறத்தக்கது.

அப்படியானால் ஆறுதல் அடைந்ததாகக் கூறும் அத்தனை பேரும் ஏமாந்தவர்களா? அல்லர். 2011இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விளக்கம் தருகிறது. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் மூட்டுவாத நோயாளிகள் 83 பேரைப் பிரித்து, சிலருக்கு ஹோமியோபதி வைத்தியரின் நீண்ட விசாரணையோடு மருந்தும், சிலருக்கு விசாரணையோடு வெறும் உருண்டையும், சிலருக்கு விசாரணை இல்லாமலே மருந்தும் கொடுத்தனர். பயன் தந்தது விசாரணை, மருந்து அன்று.

இதனை ஆழ்ந்து சிந்தியுங்கள். ஹோமியோபதி வைத்தியர் நோயாளியை அருகில் அமர்த்தி, நெடுநேரம் கேட்கிறார். எதற்கு அஞ்சுகிறாய்? எப்போது அழுகை வருகிறது? தனிமை வேண்டுமா, துணை வேண்டுமா? துயரத்தை விழுங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு அத்துயரத்தைக் காது கொடுத்துக் கேட்பவர் ஒருவர் கிடைத்துவிட்டார். குப்பியைத் திறக்கும் முன்னரே பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. தமிழில் ‘தேற்றுதல்’ என்னும் சொல் கலங்கிய நீரைத் தெளிவித்தலையும் குறிக்கும். கலங்கிய நெஞ்சுக்கு ஆறுதல் கூறுதலையும் குறிக்கும். கலித்தொகையின் நெய்தற்கலிப் பாட்டொன்று, பிரிவால் மனம் கலங்கித் தெருவில் நின்ற தலைவி தன் தலைவனைக் கண்டு தெளிந்ததை, தேற்றாவிதையால் நீர் தெளிந்ததற்கு ஒப்பிடுகிறது. அவளைத் தெளிவித்தது விதையன்று, வந்து நின்ற மனிதன் என்பதை அப்புலவர் அறிந்திருந்தார்.

இனி, நடைமுறைக்கு வேண்டிய சில சொல்லி முடிக்கிறேன். மரத்திலிருந்தோ கடையிலிருந்தோ எட்டி விதையை எடுத்து வீட்டு வைத்தியமாக ஒருபோதும் உண்ணாதீர்கள். சிறிதளவும் உயிரைக் குடிக்கும். மனம் சில நாள் வாடுவது நோயன்று. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ நல்ல நண்பரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கமும் உணவும் படிப்பும் கெட்டு, எதிலும் விருப்பமற்றுப் போனாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை தோன்றினாலோ, காலம் தாழ்த்தாமல் மனநல மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரண்டு பானைச் சோதனையில் தேறிய பேச்சு மருத்துவமும் மருந்துகளும் அவரிடம் உண்டு. 2022 முதல் இந்திய அரசு நடத்தும் டெலிமானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு எண் 14416, இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். சர்க்கரை உருண்டையால் நேரும் பெருங்கேடு அதிலுள்ள பொருளால் வருவதன்று. அதை நம்பி மருத்துவரிடம் போகாமல் கழித்த மாதங்களால் வருவது.

மற்றொன்று உங்கள் தோழருக்காக. வகுப்பில் பேச்சுக் குறைந்து ஒதுங்கியிருப்பவன் ஒருவன் இருப்பான். அல்லது ஒருத்தி இருப்பாள். அவர்கள் அருகில் சென்று அமர்ந்து, அறிவுரை ஒன்றும் கூறாமல், சொல்வதைக் கேளுங்கள். கேட்டது உங்கள் வயதுக்கு மிஞ்சிய சுமையாக இருந்தால் ஆசிரியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவ்வளவு செய்வதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை.